வீட்ல செஞ்சதுதானே டாக்டர்?

1/
இந்த வருஷம் தீபாவளி திங்கட்கிழமை. அப்படின்னா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தமிழ்நாட்டுல பாதி வீட்ல அடுப்பு அணையாது. உங்க வீட்லயும் இந்நேரம் லிஸ்ட் ரெடியாகியிருக்கும். முறுக்கு, தட்டை, அதிரசம், ரவா லட்டு, மைசூர்பாகு, மிக்சர். அந்த லிஸ்டைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். முழுசா படிச்சுட்டு சண்டைக்கு வாங்க.

2/
தீபாவளி முடிஞ்ச மறுவாரம் எந்த அரசு ஆஸ்பத்திரி சர்க்கரை ஓபிக்கு வேணும்னாலும் போய் ஒரு மணி நேரம் உட்காருங்க. ஒரே வசனம் திரும்பத் திரும்பக் காதுல விழும். "கடைல ஒண்ணுமே வாங்கல டாக்டர். எல்லாம் வீட்ல செஞ்சதுதான்." கையில இருக்குற ரிப்போர்ட்ல சுகர் முந்நூறைத் தாண்டியிருக்கும். முகத்துல குற்ற உணர்வு துளிகூட இருக்காது.

3/
இந்த நம்பிக்கையோடதான் எனக்குச் சண்டை. 'வீட்ல செஞ்சது'ன்னா சுத்தமா இருக்கும், ருசியா இருக்கும், கலப்படம் இருக்காது. ஒத்துக்கறேன். ஆனா உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தமில்ல. சாப்பிடுறவங்க உடம்புக்கு ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு நாள் நின்னு செய்யுறவங்க உடம்புக்கு இன்னொரு கணக்கு இருக்கு. ரெண்டையும் போட்டுப் பாத்துடலாம்.

4/
முதல்ல மைசூர்பாகு. நம்ம வீடுகள்ல வழக்கமான அளவு என்ன? ஒரு கப் கடலை மாவு, ரெண்டு கப் சர்க்கரை, ரெண்டு கப் நெய். சர்க்கரை ஏறக்குறைய 400 கிராம், நெய்யும் ஏறக்குறைய அதே அளவு. 30 துண்டு போட்டா, ஒரு துண்டுல 13 கிராம் சர்க்கரை, 14 கிராம் நெய். மாவையும் சேத்து ஒரு துண்டு 190 கலோரி. நாலு இட்லி சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும். நாலு இட்லியை வாயில போட்டதும் கரையுதுன்னு சொல்லி யாரும் முழுங்கறதில்லை.

5/
சேர்க்கப்படுற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது ஆரோக்கியமா இருக்குற பெரியவங்களுக்கு. ரெண்டு துண்டு மைசூர்பாகுல அந்தக் கணக்கு முடிஞ்சுது. காபிக்குப் போடற சர்க்கரை, ரவா லட்டு, பக்கத்து வீட்டு பாதுஷா எல்லாம் இன்னும் பாக்கி. சர்க்கரை எங்க வெந்ததுன்னு கணையத்துக்குத் தெரியாது. அண்ணாச்சி கடை அடுப்பும் உங்க வீட்டு அடுப்பும் அதுக்கு ஒண்ணுதான்.

6/
"நாங்க வெல்லம்தான் போடுவோம் டாக்டர்." இது அடுத்த வசனம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாத்துலயும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். அதாவது வெள்ளைச் சர்க்கரையில இருக்குற அதே பொருள். வெல்லத்துல கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் இருக்கு, உண்மை. இரும்புக்காக அதிரசம் சாப்பிடுறதும் மல்லிகைப்பூவுக்காகக் கல்யாண வீட்டுக்குப் போறதும் ஒண்ணு. போற வேலை வேற.

7/
ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் பாகு காய்ச்சி 50 அதிரசம் சுட்டா, ஒண்ணுல 15 கிராம் வெல்லம் இருக்கும். அதோட பச்சரிசி மாவு, அதோட எண்ணெய். சர்க்கரை நோய் உள்ளவருக்கு 'இது வெல்லம்தான், பயப்படாம சாப்பிடுப்பா'ன்னு நாலு அதிரசம் வைக்கிறீங்க. அதுல ஒளிஞ்சிருக்கறது 60 கிராம் வெல்லம். வெள்ளைச் சர்க்கரைன்னா அவரே ரெண்டோட நிறுத்தியிருப்பார். 'நல்லது'ங்கிற பேர்தான் கூட ரெண்டு சாப்பிட வைக்குது.

8/
இனிப்பு வேண்டாம்னு காரத்துப் பக்கம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள இருக்கணும். ஒரு டீஸ்பூன். முறுக்கு, தட்டை, மிக்சர் எல்லாத்துலயும் உப்பு. அதைத் தொட்டுக்க எடுத்த ஊறுகாயிலயும் உப்பு. இதயம் பலவீனமானவங்க, கிட்னி பிரச்னை இருக்கிறவங்க தீபாவளி முடிஞ்ச வாரத்துல கால் வீங்கி, ராத்திரி படுக்க முடியாம மூச்சு வாங்கி வந்து நிப்பாங்க. "ஸ்வீட்டைத் தொடவே இல்ல டாக்டர்" என்பாங்க. நிஜம்தான். ஒரு டப்பா மிக்சர் காலியாகியிருக்கும்.

9/
இப்ப எண்ணெய். இது முக்கியம். நம்ம வீட்ல நடக்கறதை அப்படியே எழுதறேன். சனிக்கிழமை வாணலியில ரெண்டு லிட்டர் எண்ணெய். முறுக்கு, தட்டை. அடுப்பை அணைச்சு மூடி வைப்போம். ஞாயிறு அதே எண்ணெய்ல கொஞ்சம் புதுசு ஊத்தி அதிரசம், ஓமப்பொடி. திங்கட்கிழமை காலைல அதுலயே வடை, பஜ்ஜி. மிச்சத்தை ஒரு தூக்குல ஊத்தி வச்சு கார்த்திகை வரைக்கும் தாளிப்பு, அப்பளம். சரிதானே?

10/
எண்ணெய் சூடாகச் சூடாக, காத்தோட சேர்ந்து, மாவுல இருக்குற ஈரத்தோட சேர்ந்து உடையும். உடைஞ்ச துண்டுகள் புதுப்புது பொருளா மாறும். அதுல சிலது ரத்தக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் ஆகாதது. இந்தச் சிதைவை அளக்க ஒரு அளவுகோல் இருக்கு, 'மொத்த போலார் பொருட்கள்'னு பேர். அது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே விதி போட்டுடுச்சு. ஹோட்டல், பேக்கரி எல்லாத்துக்கும் அது பொருந்தும்.

11/
அதாவது, கடைக்காரர் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வச்சா அதிகாரி வந்து அளந்து அபராதம் போட வழி இருக்கு. உங்க வீட்டு வாணலிக்கு அந்தச் சட்டமும் இல்ல, அளக்கற கருவியும் இல்ல. 'கடை எண்ணெய் எத்தனை நாள் எண்ணெயோ'ன்னு முகம் சுளிக்கிற நாமதான், மூணு நாள் சுட்ட கறுப்பு எண்ணெயைக் 'காசு போட்டு வாங்கினது, கீழ ஊத்தவா முடியும்'னு தூக்குல வைக்கிறோம்.

12/
பழைய எண்ணெய்ல புதுசு ஊத்துறது அடுத்த ஏமாத்து. புதுசு வந்ததால பழசு புதுசாகாது. சிதைஞ்ச எண்ணெய் புது எண்ணெயோட சிதைவையும் வேகப்படுத்தும். நிறம் கறுத்தா, கெட்டியா கொழகொழன்னு ஆனா, நுரை அடங்கலைன்னா, வழக்கத்தை விட சீக்கிரம் புகைஞ்சா, காறல் வாடை வந்தா அந்த எண்ணெய் முடிஞ்சுது. அப்பளத்துக்குக்கூட வேண்டாம்.

13/
என்ன பண்ணலாம்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில தெளிவா இருக்கு. ஒரு தடவை பொரிச்ச எண்ணெயை வடிகட்டி, ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள குழம்பு, பொரியலுக்குப் பயன்படுத்தலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். அதனால பெரிய வாணலியை மேலயே விட்டுட்டு சின்ன வாணலியை எடுங்க. அரை லிட்டர் எண்ணெய்ல நாலு ஈடு கூடப் போகட்டும். மிஞ்சறது கொஞ்சமாத்தான் இருக்கும்.

14/
இப்ப உங்க பதில் எனக்குக் கேக்குது. "வருஷத்துல ஒரு நாள்தானே டாக்டர், அதுலயும் வந்து மூக்கை நுழைக்கணுமா?" ஒரு நாள்னா நான் வாயே திறக்க மாட்டேன். சனிக்கிழமை ருசி பாக்கறதுல ஆரம்பிக்கும். திங்கள் தீபாவளி. செவ்வாய்ல இருந்து டப்பா. டிவி பாக்கும்போது ரெண்டு, டீயோட ரெண்டு, ராத்திரி தூக்கம் வரலைன்னா ஒண்ணு. கார்த்திகைக்குப் பொரி உருண்டை வர்ற வரைக்கும் அந்த டப்பா அலமாரியை விட்டு இறங்காது. ஏழு வகை செஞ்சா ஏழு டப்பா.

15/
ஹெச்பிஏ1சின்னு ஒரு டெஸ்ட் எழுதித் தருவோமே, மூணு மாச சராசரி. அந்த மூணு மாசத்துல கடைசி ஒரு மாசத்தோட பங்கு மட்டும் ஏறக்குறைய பாதி. தீபாவளிக்கு அப்புறம் ஒரு மாசம் கழிச்சு அதை எடுத்துப் பாருங்க. 'ஒரு நாள்'னு நீங்க சொன்னதை அது ஒத்துக்குதான்னு பாக்கலாம்.

16/
"எங்க பாட்டி காலத்துல எல்லாம் சாப்பிடலையா?" சாப்பிட்டாங்க. பாட்டி காலத்துல நிறைய வீடுகள்ல இட்லி, தோசையே பண்டிகைக்குத்தான். எண்ணெய் செட்டியார் கடையில கால் படி, அரைப் படி. மாவு உரல்ல இடிச்சது. தினமும் பேக்கரி பஃப்ஸ், பிரியாணி, மூணு டீன்னு இருந்துட்டு அதுக்கு மேல பலகாரம் சாப்பிடலை. இன்னிக்கு நாட்டு நிலைமை வேற. 2023ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசல்ல நிக்கறாங்க. உங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுற எட்டு பேர்ல ஒருத்தராவது அதுல இருக்க வாய்ப்பு அதிகம்.

17/
இது வரைக்கும் சாப்பிடுறவங்க கணக்கு. இனிமேதான் எனக்கு நிஜமான கோபம். லிஸ்ட்ல பலகாரம் இருக்கு, மாவு அளவு இருக்கு, எண்ணெய் அளவு இருக்கு. யார் செய்யப் போறாங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கா? எழுதத் தேவையில்ல. எல்லாருக்கும் தெரியும். அம்மா. இல்லைன்னா மாமியாரும் மருமகளும். பையன் கிளாம்பாக்கத்துல பஸ் ஏறும்போதே போன் போடுவார்: "அம்மா, இந்தத் தடவை தேன்குழலும் போட்டுடும்மா."

18/
மத்திய அரசு 2019ல எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்றது இது. வீட்டு வேலை செய்யுற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கறது 299 நிமிஷம். செய்யுற ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் அந்த வேலையைச் செய்யுற ஆண்களே நாலுல ஒருத்தர்தான். இது சாதாரண நாள் கணக்கு. பலகாரம் போடுற சனி ஞாயிறுக்கு எவ்வளவுன்னு உங்க வீட்டுக் கடிகாரத்தைப் பாத்து நீங்களே குறிச்சுக்கோங்க.

19/
ஐம்பத்தெட்டு வயசு. சுகர், பிரஷர், முழங்கால் தேய்மானம். இந்த மூணும் சேர்ந்த அம்மாக்கள் எங்க ஓபில தினமும் வரிசையில நிப்பாங்க. 'அதிக நேரம் நிக்காதீங்க, சம்மணம் போட்டுத் தரையில உட்காராதீங்க'ன்னு சீட்டுல எழுதித் தர்றோம். பலகாரம் போடுறதுன்னா என்ன? ஒண்ணு எட்டு மணி நேரம் நிக்கணும். இல்லைன்னா தரையில ஸ்டவ்வை இறக்கி வச்சு உட்காரணும். சீட்டு பீரோவுல பத்திரமா இருக்கும்.

20/
அன்னிக்கு அவங்க சாப்பிடுறதைக் கவனிச்சிருக்கீங்களா? "எண்ணெய் வாடை பட்டே வயிறு நிறைஞ்சுடுச்சு"ன்னு சொல்லி மத்தியானம் ஒரு டம்ளர் மோரோட முடிச்சுடுவாங்க. நம்ம வீட்ல இதை ஒரு பெருமையா பேசுவோம். டாக்டரா எனக்கு அது பயம். ஏன்னா காலைல கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ, இன்சுலின் ஊசியோ போட்டிருப்பாங்க. மருந்து வேலை செய்யும். வயித்துல சாப்பாடு இருக்காது. சுகர் கீழ இறங்கும்.

21/
இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். கொதிக்கற எண்ணெய் முன்னாடி நிக்கறவங்களுக்கு வேர்த்தா யாருக்கும் சந்தேகம் வராது. அனல்னு நினைப்பாங்க. அப்புறம் மயங்குவாங்க. எங்கன்னு யோசிச்சுப் பாருங்க, வாணலிக்கு முன்னாடி. இப்படி அறிகுறி தெரிஞ்சா உடனே அடுப்பை அணைச்சு, நினைவு இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க. பதினஞ்சு நிமிஷத்துல சரியாகலைன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சதும் சாப்பாடு. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் போடுங்க.

22/
கேதார கௌரி நோன்பு எடுக்கிறவங்களுக்குத் தனியா சொல்றேன். காலைல இருந்து பட்டினி, கையோட நோன்பு அதிரசம் சுடுற வேலை, மாத்திரை மட்டும் வழக்கம் போல. இது ஆபத்தான சேர்க்கை. நோன்பு இருங்க, நான் தடுக்கலை. அதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட, இல்லைன்னா வீட்டுக்கே வந்து மாத்திரை தர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்காகிட்ட சொல்லி, எந்த மாத்திரையை எப்படி மாத்தணும்னு ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிக்கோங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா போடவும் வேண்டாம்.

23/
இன்னொண்ணு, இதை ஆம்பளைங்க கண்டிப்பா படிக்கணும். நீர் பிரியுறதுக்குத் தர்ற மாத்திரையை, 'தண்ணி மாத்திரை'ன்னு சொல்லுவாங்களே, அதைப் பலகார நாள்ல நிறைய அம்மாக்கள் வேணும்னே போடறதில்லை. காரணம் கேட்டா சொல்லுவாங்க: "அதைப் போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க பாத்ரூம் போகணும் டாக்டர். பாகு பதம் போயிடுமே." பாகு பதத்துக்காக இதய மாத்திரையை விடுறாங்க. இப்பவும் அந்த லட்டு உங்களுக்கு இனிக்குதா?

24/
தீக்காயம். பொரிக்கற எண்ணெய் 170, 180 டிகிரியில இருக்கும். கொதிக்கற தண்ணி 100 டிகிரிதான். தோல்ல ஒட்டிக்கிட்டு ஆழமா சுடும். தரையில ஸ்டவ் வச்சா தவழுற குழந்தை, ஓடுற குழந்தை எல்லாருக்கும் வாணலி கைக்கு எட்டுற உயரம். தரையில வேண்டாம். நைலான், சிந்தடிக் புடவையோட அடுப்புப் பக்கம் வேண்டாம், பருத்தி போதும். ஈரக் கரண்டியை எண்ணெய்ல விடாதீங்க.

25/
எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க. ஊத்தினா தீ கூரை வரைக்கும் எழும்பும். அடுப்பை அணைச்சு, ஒரு தட்டால மூடுங்க, வாணலியைத் தூக்கிட்டு ஓடாதீங்க. மேல பட்டுட்டா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். டூத் பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டுத்தான் நாங்க காயத்தையே பாக்க முடியும். அந்த வலி காயத்தை விடக் கொடுமை. வளையல், மோதிரத்தை வீங்கறதுக்கு முன்னாடி கழட்டுங்க. சுத்தமான துணியால தளர்வா மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க.

26/
"அம்மாவுக்கு இதுதான் டாக்டர் சந்தோஷம்." இந்த வாதத்துக்கு நான் ரொம்ப நாளா பதில் சொல்லிட்டு இருக்கேன். பிள்ளைங்க வந்து சாப்பிடுறது சந்தோஷம், யார் இல்லைன்னா? ஆனா அந்தச் சந்தோஷத்துக்கு அவங்க மட்டுமே ரெண்டு நாள் நிக்கணும்னு எந்தச் சாஸ்திரத்துல இருக்கு? தீபாவளி அன்னிக்கு அதிகாலை எல்லாருக்கும் எண்ணெய் வச்சு விடுவாங்க. அவங்க தலைக்கு யார் வச்சு விட்டாங்கன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. பலகாரம் போட்ட மறுநாள் அவங்க மாடிப்படி ஏறுறதைப் பின்னாடி நின்னு பாருங்க. அதுக்கு அப்புறமும் சந்தோஷம்னு சொன்னீங்கன்னா நான் வாயை மூடிக்கறேன்.

27/
சரி, தீபாவளியே கொண்டாடாதீங்கன்னு சொல்ல வந்தேனா? இல்ல. நானும் முறுக்கு சாப்பிடுற ஆள்தான். இந்த சனி, ஞாயிறுக்கு ஒரு பிளான் சொல்றேன். ஒரு இனிப்பு, ஒரு காரம். ரெண்டும் அரை கிலோ மாவுக்கு மேல வேண்டாம். ரெண்டு நாளும் வேண்டாம், ஒரே நாள், காலை சாப்பாடு முடிஞ்சு பத்து மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு அடுப்பு அணையணும். ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட உட்காரணும், செஞ்சவங்களும்.

28/
லிஸ்ட்ல ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்துலயும் ஒரு பேர். முறுக்கு பிழிய அப்பா. கை பலம் வேணும்ங்கிற வேலை அது, அம்பது வருஷமா ஏன் அம்மா பிழிஞ்சாங்கன்னே தெரியலை. எண்ணெய்ல போட்டு எடுக்க மகன். லட்டு பிடிக்க மருமகன், பேரப்பிள்ளைங்க. பாத்திரம் தேய்க்க மறுபடியும் மகன். அம்மாவுக்கு நாற்காலி. பதம் சொல்றது மட்டும் அவங்க வேலை. அந்தப் பதம் அவங்களுக்கு மட்டும்தான் தெரியும், நாலு பேர் கத்துக்கட்டும்.

29/
ஏழு வகை வேணும்தானே? அதுக்கும் வழி இருக்கு. தெருவுல தட்டு மாத்துற அஞ்சு வீடு சேர்ந்துக்கோங்க. ஒரு வீடு முறுக்கு, ஒரு வீடு அதிரசம், ஒரு வீடு லட்டு. எப்படியும் தட்டு மாத்தத்தான் போறீங்க. இப்ப நடக்கறது, அஞ்சு வீடும் அதே ஏழு வகையைச் செஞ்சு, அதையே ஒருத்தருக்கொருத்தர் குடுத்து, கடைசியில முப்பத்தஞ்சு டப்பா. மிச்சம் எதாவது வேணும்னா கடைல கால் கிலோ வாங்குங்க. மானம் போகாது.

30/
சாப்பிடுறவங்களுக்கு: டப்பாவோட உட்காராதீங்க, தட்டுல எடுத்து வச்சுட்டு டப்பாவை மூடுங்க. சாப்பாட்டுக்கு நடுவுல கொறிக்காம, சாப்பாட்டோட ஒரு துண்டு, அன்னிக்கு சோத்தைக் குறைச்சுக்கோங்க. மாத்திரையை விடாதீங்க. 'லேகியம் இருக்கே'ன்னு தைரியம் வேண்டாம். தீபாவளி லேகியத்துலயும் வெல்லமும் நெய்யும்தான் பாதி. சுண்டைக்காய் அளவு போதும்.

31/
கடைசியா ஒண்ணு. இந்த த்ரெட்டை அம்மாவுக்கு அனுப்பாதீங்க. படிச்சுட்டு "சரிப்பா"ன்னு சொல்லிட்டு மாவு அரைக்கப் போயிடுவாங்க. லிஸ்ட் குடுத்தவங்களுக்கு அனுப்புங்க. குடும்ப குரூப்ல போடுங்க. போட்டுட்டு அதுக்குக் கீழ, சனிக்கிழமை பத்து மணிக்கு அடுப்பு முன்னாடி யார் நிக்கப் போறதுன்னு பேரை எழுதுங்க. முதல் பேர் உங்களோடதா இருக்கட்டும்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். திங்கட்கிழமை எனக்கு டியூட்டி. உங்க யாரையும் அங்க பாக்க வேண்டாம்னு வேண்டிக்கறேன்.